வண்டி நின்றால் முதலில் டர்போவைக் கழற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாசகர் கடிதம் பகுதியில் ஈரோட்டு வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். 2004-ம் வருஷத்து ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் வைத்திருக்கிறாராம், சிக்னலில் நிறுத்தினால் இன்ஜின் ஆஃப் ஆகிவிடுகிறதாம், ஒரு ஒர்க் ஷாப்பில் டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் சாமான்) போய்விட்டது என்கிறார்களாம், இன்னொரு இடத்தில் எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல் செய்யும் வேலை என்கிறார்களாம். கடைசியில் அவரும் அரசாங்கத்தைத் திட்டிவிட்டு முடித்திருந்தார். திட்டுவது அவர் உரிமை. ஆனால் புது டர்போவுக்குச் சொல்லிவிட்டேன், அடுத்த வாரம் பணம் கட்டப் போகிறேன் என்று ஒரு வரி இருந்தது பாருங்கள், அதற்காகத்தான் இந்தக் கடிதம். அவர் பணம் கட்டுவதற்குள் அச்சில் வந்துவிட்டால் நல்லது.

நான் மெக்கானிக். முதலில் ஷார்ஜாவில், அப்புறம் கோவையில், இப்போது வேலையை விட்டாயிற்று. டர்போ வைத்த பழைய வண்டிகள் நிறையக் கையில் வந்து போயிருக்கின்றன. அந்த ஆர்எஸ் எனக்கு நன்றாகத் தெரிந்த வண்டி. 1.8 லிட்டர், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, மொத்தம் இருபது. ஐரோப்பாவில் 180 குதிரைத்திறனோடு விற்றதை நம் ஊருக்கு 150 ஆகக் குறைத்துக் கொண்டுவந்தார்கள். டர்போ என்றாலே டீசல் என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் அந்த 150 பெரிய விஷயம். அசல் ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள், நான்கு கதவு இருக்கிறது, டிக்கியில் அரிசி மூட்டை ஏற்றலாம். ஆனால் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே பந்தயத் தளத்தில் அதை ஓட்டிப் பார்த்த பையன்களிடம் போய் இந்த வாதத்தைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சிக்னலில் நிற்கும் வண்டி அணைந்துபோவதற்கு டர்போ காரணமாக இருப்பது ரொம்ப அபூர்வம். டர்போ சுற்றுவது சைலன்சர் பக்கம் போகும் புகையின் வேகத்தில். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, அந்தப் புகைக்கு வேகமே கிடையாது, டர்போ சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், இன்ஜினுக்கு அதனால் அப்போது லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. டர்போ செத்தால் அது வேறு மாதிரி தெரியும். மேட்டில் இழுக்காது, விசில் சத்தம் சைரன் மாதிரி மாறும், பின்னால் நீலப் புகை வரும், டர்போ அழுத்தின காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலரின் பைப்பைக் கழற்றினால் ஆயில் வழியும். அதையும் கண்ணால் பார்த்துவிடலாம். டர்போவுக்குள் போகும் பெரிய ஹோஸைக் கழற்றிவிட்டு நடு ஷாஃப்டை இரண்டு விரலில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் ஒரு மயிரிழை ஆடினால் பரவாயில்லை, ஆயில் படலத்தில் மிதக்கும் ஷாஃப்ட் அப்படித்தான் இருக்கும். முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை ஓரம் கூட்டில் உரசிய தடம் இருந்தாலோதான் கவலைப்பட வேண்டும். கால் மணி நேர வேலை. ஈரோட்டில் அதை யாராவது செய்து பார்த்தார்களா என்று அவர் எழுதவில்லை.

வண்டி நிற்கிறது என்று யாராவது வந்தால் நான் பானெட்டைத் திறப்பதில்லை, முதலில் உட்கார வைத்துக் கேள்விதான் கேட்பேன். எப்போது நிற்கிறது? காலையில் குளிரிலா, அரை மணி ஓடிச் சூடான பிறகா? பெட்ரோல் போட்டவுடனா? ஏசி போட்டாலா? உறுமி, தடுமாறி, மெல்ல அணைகிறதா, இல்லை சாவியைத் திருப்பின மாதிரி பட்டென்று அணைகிறதா? நின்றவுடன் மறுபடி ஸ்டார்ட் ஆகிறதா, கால் மணி நேரம் காத்திருக்க வேண்டுமா? அணையும் நேரத்தில் ஆர்பிஎம் முள் என்ன செய்தது? கடைசிக் கேள்விக்கு முக்கால்வாசிப் பேருக்குப் பதில் தெரியாது, ஆனால் அதில்தான் பாதி விடை இருக்கிறது. கியரில் உருண்டுகொண்டிருக்கும்போது இன்ஜின் செத்தாலும் சக்கரம் அதைச் சுற்ற வைத்துக்கொண்டுதான் இருக்கும், அப்போது ஆர்பிஎம் முள் படாரென்று பூஜ்யத்தில் விழுந்தால் இன்ஜின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம், கிராங்க் சென்சார் மேல் கை வைக்கலாம். முள் வண்டியோடு சேர்ந்து மெல்ல இறங்கினால் காற்றோ பெட்ரோலோ தகராறு. முள்ளோடு டாஷ்போர்டு விளக்கு, ரேடியோ எல்லாம் ஒரு கணம் செத்துப் பிழைத்தால் சாவித் துவாரத்துக்குப் பின்னால் இருக்கும் இக்னிஷன் ஸ்விட்சையும் பேட்டரி டெர்மினலையும் எர்த் வயரையும் பார்க்க வேண்டும். இந்த வண்டிகளில் அந்த ஸ்விட்ச் தேய்வது வழக்கம், சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி, பீரோ சாவி, பிள்ளையார் எல்லாம் தொங்கவிட்டால் இன்னும் சீக்கிரம். ஸ்டார்ட் ஆகி இரண்டே விநாடியில் அணைந்தால் அது வேறு கதை, சாவியில் இருக்கும் சிப்பை வண்டி அடையாளம் கண்டுகொள்ளவில்லை, திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரின் விளக்கு மினுக்கும். மற்றொரு சாவியைப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும், அதற்குள் பெட்ரோல் பம்பைக் கழற்றிய ஆட்கள் உண்டு.

இப்போது காற்று. பழைய டர்போ வண்டி சிக்னலில் அணைந்தால் என் சந்தேகம் முதலில் இங்கேதான் போகும், ஈரோட்டு வண்டிக்கும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும் என்று படுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏர் ஃபில்டர் பெட்டியைத் தாண்டினதும் ஒரு சின்னக் குழாய்க்குள் ஏர் மாஸ் மீட்டர் உட்கார்ந்திருக்கும். எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று அது கிராம் கணக்கில் ஈசியூவுக்கு, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டருக்கு, சொல்லும், ஈசியூ அந்தக் கணக்கை நம்பிப் பெட்ரோல் விடும். மீட்டரிலிருந்து டர்போ, டர்போவிலிருந்து இன்டர்கூலர், அங்கிருந்து காற்றுக்குக் கதவு மாதிரி இருக்கும் த்ராட்டில் பாடி, அப்புறம் காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து விடும் மேனிஃபோல்டு. இவ்வளவு தூரத்தில் எத்தனை ரப்பர் ஹோஸ், எத்தனை கிளிப் என்று எண்ணிப் பாருங்கள், எல்லாவற்றுக்கும் இருபது வயசு தாண்டிவிட்டது. மீட்டரைத் தாண்டி எங்கே ஓட்டை விழுந்தாலும் கணக்கு பொய்யாகிவிடும். டர்போ இல்லாத வண்டியில் ஏர் லீக் என்றால் வெளிக்காற்று உள்ளே வரும், அவ்வளவுதான். டர்போ வண்டியில் மேனிஃபோல்டு பக்கம் விழும் அதே ஓட்டை ஐடிலிங்கில் காற்றை உள்ளே இழுக்கும், ஆக்சிலரேட்டர் மிதித்தால் வெளியே தள்ளும். அதனால்தான் நின்றால் ஒரு தொல்லை, ஓடினால் இன்னொரு தொல்லை என்று இரண்டு வியாதி மாதிரித் தெரிகிறது, இரண்டு வைத்தியம் நடக்கிறது.

இந்த இன்ஜினில் மேனிஃபோல்டுக்கு அடியில், இன்ஜினுக்குள் சேரும் ஆயில் ஆவியை வழிவிடும் ப்ரீதர் ஹோஸ்கள் ஒரு கூட்டமாகக் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. கையை வளைத்து அடியில் விட்டு விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நல்ல ஹோஸ் என்றால் வழவழவென்று அமுங்கும். கெட்டது என்றால் விரல் பட்டதும் மேல்தோல் உதிரும், வளைவில் ஒரு வெடிப்பு தட்டும், கையை எடுத்தால் நகக்கண்ணில் கறுப்பு மசி ஏறியிருக்கும். ஆயில் ஆவியும் சூடும் சேர்ந்து இருபது வருஷத்தில் ரப்பரை இந்தப் பாடு படுத்திவிடும். டர்போவோடு ஒப்பிட்டால் அந்த ஹோஸின் விலை ஒரு விலையே இல்லை, ஆனால் மாற்றுவது கஷ்டம், கை நுழையாது, அரை நாள் போகும். அதனாலேயே அங்கே யாரும் கை விடுவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க கார்ப் க்ளீனர் ஸ்ப்ரேயை ஹோஸ் மேல் அடித்து ஆர்பிஎம் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். நானும் பார்த்திருக்கிறேன், ஆனால் சூடான டர்போ பக்கத்தில் அதை அடிப்பது வம்பை விலைக்கு வாங்குவது, எக்ஸாஸ்ட் பக்கம் ஒரு துளி பட்டால் பற்றிக்கொள்ளும். அதைவிட இது மேல். ஹார்டுவேர் கடையில் டர்போ வாய் ஹோஸுக்குப் பொருந்துகிற பிவிசி மூடி ஒன்று வாங்கி, நடுவில் துளை போட்டு டியூப்லெஸ் டயர் வால்வை மாட்டி, ஹோஸின் வாயில் சொருகிக் கிளிப்பை இறுக்குங்கள். இன்ஜின் ஆஃபில் இருக்க வேண்டும். கால் பம்பால் காற்று ஏற்றுங்கள், அரை பார் போதும், அந்த வண்டியில் டர்போ வழக்கமாகக் கட்டும் அழுத்தமே (பூஸ்ட்) ஏறக்குறைய அவ்வளவுதான், அதற்கு மேல் ஏற்றி ஆயில் சீலைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சோப்புத் தண்ணீரை ஜாயின்ட் ஜாயின்டாகத் தடவுங்கள். எங்கே குமிழி வருகிறதோ அங்கேதான். ராத்திரி சத்தம் அடங்கின நேரத்தில் செய்தால் தண்ணீர் கூட வேண்டாம், உஸ்ஸென்று காதிலேயே கேட்கும்.

இதில் பையன்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். டர்போ வண்டியில் ஆக்சிலரேட்டரை விட்டதும் உள்ளே அடைபட்ட காற்றை வழிவிட ஒரு வால்வு இருக்கும். கம்பெனி வைத்தது அந்தக் காற்றைச் சத்தமில்லாமல் டர்போவின் வாய்க்கே திருப்பி அனுப்பும். அதைக் கழற்றிவிட்டு, காற்றை வெளியே விட்டு ப்ஸ்ஸ்ஸ் என்று சத்தம் போடும் ப்ளோ ஆஃப் வால்வை மாட்டிக்கொள்கிறார்கள். சத்தம் ஜோர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெளியே போன அந்தக் காற்றை ஏர் மாஸ் மீட்டர் ஏற்கனவே எண்ணிவிட்டது. ஈசியூ அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் விட்டுவிடும், வராத விருந்தாளிக்குச் சமைத்த கதை. சிக்னலை நெருங்கி ஆக்சிலரேட்டரை விட்டு கிளட்ச்சை மிதிக்கும் அந்த நேரத்தில் பெட்ரோல் மிஞ்சி, ஆர்பிஎம் 800-ல் நிற்காமல் கீழே நழுவி, ஒரு குலுக்கலோடு இன்ஜின் அணையும். சில வால்வுகளில் ஸ்பிரிங் மெத்தென்று இருக்கும், ஐடிலிங்கில் மேனிஃபோல்டு இழுப்புக்கே திறந்துகொண்டு, ஃபில்டரும் பார்க்காத மீட்டரும் பார்க்காத வெளிக்காற்றை உள்ளே விடும், அது இன்னொரு விதத்தில் கெடுதல். ஏர் மாஸ் மீட்டர் வைத்த எந்த டர்போ வண்டிக்கும் இது பொருந்தும், ஸ்கோடாவுக்கு மட்டும் இல்லை. ஈரோட்டு வண்டி அவருக்கு முன் எத்தனை கை மாறியதோ, யார் எதை மாட்டினார்களோ, அவர் முதலில் அந்த வால்வு ஒரிஜினல்தானா என்று பார்க்கட்டும். ஒரிஜினல் என்றாலும் கழற்றி, உள்ளே இருக்கும் டயஃப்ரத்தை, அதாவது ரப்பர் சவ்வை, விரலால் அமுக்கிக்கொண்டு, மேலே இருக்கும் சின்ன மூக்கை இன்னொரு விரலால் மூடிவிட்டு, அமுக்கினதை விடுங்கள். டயஃப்ரம் அப்படியே அமுங்கி நின்றால் நல்லது. மெல்ல மேலே வந்தால் கிழிந்திருக்கிறது.

ஏர் மாஸ் மீட்டரே பொய் சொல்வதும் உண்டு. ஈசியூவில் இருப்பதைப் படித்துக் காட்டும் ஸ்கேனரில், ஐடிலிங்கில் விநாடிக்கு 2-லிருந்து 4 கிராம் காட்ட வேண்டும். நல்ல சாலையில் முழுதாக மிதித்தால் குதிரைத்திறனில் ஐந்தில் நான்கு பங்கு கிராம் வரும் என்பது நாங்கள் வைத்திருக்கும் உத்தேசக் கணக்கு, 150-க்கு 120. எழுபது எண்பதில் நின்றால் மீட்டரோ பூஸ்ட் லீக்கோ, இரண்டில் ஒன்று. சாலையில் ஸ்கேனர் இல்லையென்றால் மீட்டரின் வயர் கப்ளரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள், ஈசியூ தன்னிடம் இருக்கும் உத்தேசக் கணக்கில் ஓட்டும். கழற்றின பிறகு வண்டி நன்றாக ஓடினால் அந்த மீட்டர் மேல் சந்தேகம் உறுதி. எண்ணெய் தடவும் வகை ஏர் ஃபில்டர் போட்டவர்கள் இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், அந்த எண்ணெய் மீட்டரின் மெல்லிய இழையில் படிந்துவிடுகிறது.

த்ராட்டில் பாடியில் கரி படிவதைப் பற்றி ஊரெல்லாம் பேசுவதால் நான் நீட்டவில்லை. சுத்தம் செய்யலாம், ஆனால் இந்த வண்டியில் த்ராட்டில் கேபிள் கிடையாது, மோட்டார்தான். சுத்தம் செய்த பிறகு ஸ்கேனரில் அடாப்டேஷன் போட்டு த்ராட்டிலின் நிலையை ஈசியூவுக்கு மறுபடி பழக்க வேண்டும், போடாமல் விட்டால் முன்னை விட மோசமாக ஆடும், அப்புறம் த்ராட்டில் பாடி போய்விட்டது என்று அதையும் மாற்றச் சொல்வார்கள்.

கிராங்க் சென்சார் பற்றிச் சொன்னேன். அது ஆயில் ஃபில்டர் பக்கத்தில் பிளாக்கில் மாட்டியிருக்கும் சின்னச் சாமான். இது போவது பெரும்பாலும் சூட்டில்தான், குளிர்ந்தால் ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறை நாற்பது கொண்டை ஊசியும் ஏறி, மேலே டீ குடிக்க நிறுத்தி, திரும்பச் சாவி போட்டால் செல்ஃப் மட்டும் அடித்துக்கொண்டே இருக்கும், இன்ஜின் எடுக்காது. இருபது நிமிஷம் கழித்து தானாக ஸ்டார்ட் ஆகும். ஒர்க் ஷாப்புக்கு வந்து சேரும்போது வண்டி சமர்த்தாக இருக்கும், மல்டிமீட்டர் வைத்தாலும் அளவு சரியாகக் காட்டும், உங்களுக்குத்தான் சந்தேகம் சார் என்று அனுப்பிவிடுவார்கள். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் துளியாவது எழும்புகிறதா என்று பாருங்கள். அசையவே இல்லை என்றால் சென்சார் மேல் ஈரத்துணி போட்டு ஆற விடுங்கள், அதோடு ஸ்டார்ட் ஆனால் சந்தேகமே வேண்டாம். இதில் மட்டும் டூப்ளிகேட் வாங்காதீர்கள், வாங்கினால் அடுத்த மலைப் பயணத்திலும் இதே கதை.

பெட்ரோல் பக்கம் சுருக்கமாக. டேங்க்குக்குள் பம்ப், வண்டிக்கு அடியில் ஃபில்டர், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ரெயிலில், அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர். ரெகுலேட்டரில் இருக்கும் சின்ன வேக்கும் (காற்று இழுப்பு) ஹோஸைக் கழற்றி முகர்ந்து பாருங்கள், உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. கேஜ் வைத்தால் ஐடிலிங்கில் இரண்டரை பார், அந்த ஹோஸைக் கழற்றினால் மூன்று வரைக்கும் ஏற வேண்டும். பம்பைக் குறை சொல்வதற்கு முன் அதற்குக் கரண்ட் விடும் ஸ்விட்சான ரிலேயைப் பாருங்கள், உள்ளே சால்டர் வெடித்துச் சூட்டில் தொடர்பு விட்டுவிட்டு வரும், டாஷ்போர்டுக்கு அடியில் அதை விரலால் ஒரு தட்டு தட்டினால் வண்டி பிழைக்கும், அதுவே அடையாளம்.

ஷார்ஜாவிலும் இதே கதைதான். போர்ஷே 944 டர்போ நின்றால் முதலில் டிஎம்இ ரிலே, அது இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்புக்கும் கரண்ட் விடுவது, உள்ளே அதே சால்டர் வெடிப்பு. நிசான் 300 இசட்எக்ஸ் சூட்டில் நின்றால் இக்னிஷனுக்குக் கரண்டை வெட்டி விடும் பவர் டிரான்சிஸ்டர். தொண்ணூறுகளின் தொடக்கத்து மிட்சுபிஷி டர்போ வண்டிகளில் ஈசியூவுக்குள் கெபாசிட்டர் ஒழுகி போர்டையே அரித்துவிடும், மூடியைத் திறந்தால் அழுகின மீன் வாடை அடிக்கும். எல்லாம் பெரிய பெயர் வண்டிகள், நிற்க வைத்தது எல்லாம் உள்ளங்கையில் அடங்கும் சாமான்கள். டர்போ ஒன்றிலும் குற்றவாளி இல்லை.

இனி எத்தனால். பெட்ரோல் போட்டுவிட்டு பங்கை விட்டு வெளியே வந்ததும் வண்டி தடுமாறி நிற்கிறது, மறுபடி ஸ்டார்ட் செய்ய இரண்டு மூன்று தரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது, அப்புறம் சரியாகிவிடுகிறது. இப்படி நடந்தால் யாராக இருந்தாலும் பெட்ரோலில்தான் கலப்படம் என்று சொல்வார்கள். ஆனால் இது பர்ஜ் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டதன் நேரடி அடையாளம். டேங்க்கில் சேரும் பெட்ரோல் ஆவியை ஒரு கரி டப்பாவில் பிடித்து வைத்து, சமயம் பார்த்து இன்ஜினுக்குள் விடும் வால்வு அது. டேங்க்கை நிரப்பும்போது ஆவி மொத்தமாகத் தள்ளிக்கொண்டு வரும், வால்வு மூடாவிட்டால் அத்தனையும் ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் உள்ளே போய்ப் பிளக்கை நனைக்கும். சோதிப்பது சுலபம், வால்வைக் கழற்றி கரண்ட் கொடுக்காமல் வாயால் ஊதிப் பாருங்கள், காற்று போகக் கூடாது. பழி ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம் என்பார்களே, பெட்ரோல் பங்க் ஆட்கள் இந்த வால்வுக்காக எவ்வளவு வசவு வாங்கியிருப்பார்கள்!

அதற்காக இ20 பெட்ரோல் பழைய வண்டிக்கு ஒன்றும் செய்யாது என்று நான் சொல்ல வரவில்லை. 2004-ல் செய்த வண்டியை இருபது சதவீத எத்தனாலுக்காக யாரும் செய்யவில்லை, 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில்தான் அதற்கேற்ற ரப்பரும் பொருளும். எத்தனாலில் லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, மைலேஜ் குறையத்தான் செய்யும். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே இப்படிப்பட்ட பழைய கார்களுக்கு 6-லிருந்து 7 சதவீதம் குறையும் என்று கணக்குச் சொன்னது. எத்தனால் இல்லாத பெட்ரோலும் வேண்டும் என்று கேட்டுப் போன மனுவை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது, ஆக இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். எத்தனால் தண்ணீரை இழுக்கும். டேங்க்கின் அடியில் வருஷக்கணக்காகப் படிந்த அழுக்கைக் கிளப்பி ஃபில்டரில் கொண்டுபோய்ச் சேர்க்கும். கவர் போட்டு மூடி மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டிக்கு இது ரொம்பக் கெடுதல். நிறுத்தி வைத்த வண்டி நின்று நின்று ஓடினால் ஃபில்டரைக் கழற்றி, பெட்ரோல் உள்ளே வரும் வாய் வழியாக ஒரு வெள்ளைத் தட்டில் கவிழ்த்துப் பாருங்கள். வருவது தேன் நிறமா, துரு கலந்த கறுப்பா, அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கிறதா என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

ஆனால் நல்ல நிலையில் இருக்கும் வண்டி இ20-ஆல் மட்டும் சிக்னலில் அணையாது. காரணம் இதுதான். சுத்த பெட்ரோலில் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், இ20-க்கு ஏறக்குறைய 13.5 போதும். அதாவது அதே காற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாக விட வேண்டும், எட்டு சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு ஈசியூ தானே அதைச் சரிக்கட்டும், இருபது சதவீதத்துக்கு மேலும் கூட்டிக் குறைக்க அதற்கு இடம் உண்டு. எங்கே மாட்டிக்கொள்ளும் என்றால், ப்ரீதர் ஹோஸ் வெடிப்புக்காக ஏற்கனவே பதினைந்து சதவீதம் கூட்டிக்கொண்டு மூச்சு முட்டிக்கொண்டிருக்கும் வண்டியில் இந்த எட்டும் சேரும்போது. நேற்றுவரை ஓடியது, பெட்ரோல் மாறினதும் நின்றது என்று அவர்கள் சொல்வதும் பொய் இல்லை. ஹோஸை மாற்றினால் அதே பெட்ரோலில் ஓடும். ஈசியூ எவ்வளவு பெட்ரோல் கூட்டிக் குறைக்கிறது என்று காட்ட ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் என்று ஒரு எண் இருக்கிறது, வண்டி சூடானதும் அதைப் பாருங்கள், பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதியாக வேறு இடத்தில் தேடலாம்.

ஒர்க் ஷாப்காரர்களை மட்டும் நான் குறை சொல்லவில்லை. வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு மெக்கானிக் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, ஹோஸ் ஹோஸாகத் தடவி, முந்நூறு ரூபாய்ச் சாமானை மாற்றிவிட்டு, பார்த்த கூலி இரண்டாயிரம் என்று கேட்டால் எத்தனை பேர் முகம் சுளிக்காமல் கொடுப்பீர்கள்? முந்நூறு ரூபாய் வேலைக்கு இரண்டாயிரமா என்பீர்கள். அதே ஆள் ஒன்றும் தேடாமல் முப்பதாயிரத்துக்கு ஒரு சாமானை மாற்றி பில் போட்டால் பேசாமல் கொடுத்துவிட்டு வருவீர்கள். தேடுவதற்குக் கூலி கிடையாது, மாற்றுவதற்குத்தான் கூலி என்றால் அவன் மாற்றத்தான் செய்வான். என்னிடம் வேலை பழகின பையன்கள் தனியாகக் கடை போட்டதும் முதல் வருஷத்தில் இதைத்தான் கற்றுக்கொண்டார்கள். பாவம், அவர்களும் வாடகை கட்ட வேண்டும். வண்டியை விடும்போதே, கண்டுபிடிக்கத் தனியாக இவ்வளவு தருகிறேன், கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம், மாற்றினால் பழையதைக் கையில் கொடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். ஸ்கேனரில் கோளாறைக் குறித்து வந்த எண்ணைத் தாளில் எழுதி வாங்குங்கள், அழிப்பதற்கு முன்னால். அழித்துவிட்டால் மறுபடி வண்டி நிற்கும்வரை துப்பு கிடையாது.

இன்னொன்று, இது உயிர் விஷயம் என்பதால் சொல்லிவிடுகிறேன். ஓடும்போது இன்ஜின் அணைந்தால் பிரேக்குக்கு வரும் வேக்கும் உதவி ஒன்றிரண்டு மிதிக்குத்தான் மிச்சம் இருக்கும், பவர் ஸ்டீயரிங்கும் கல்லாக இறுகும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்திக்கொண்டே ஓரம் கட்டுங்கள், நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். பதற்றத்தில் சாவியை மட்டும் உருவிவிடாதீர்கள், ஸ்டீயரிங் லாக் விழுந்துவிடும். வண்டிக்கு இந்தக் கோளாறு இருக்கும் வரைக்கும் பைபாஸ் பக்கம் எடுத்துப் போக வேண்டாம், வீட்டுப் பெண்மணியிடம் கொடுத்து பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவும் வேண்டாம்.

ஈரோட்டு வாசகருக்கு நான் சொல்வது, டர்போவுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் ஒரு வாரம் தள்ளிக் கேளுங்கள். அந்த வாரத்தில் வண்டி நிற்கும் ஒவ்வொரு தடவையும் நேரம், இன்ஜின் சூடு முள், ஆர்பிஎம் முள், ஏசி, பெட்ரோல் எப்போது போட்டது, இவ்வளவையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். அப்புறம் ப்ளோ ஆஃப் வால்வைப் பாருங்கள், மேனிஃபோல்டுக்கு அடியில் கையை விடச் சொல்லுங்கள், கூடவே நீங்களும் நின்று பாருங்கள். இதையெல்லாம் பார்த்த பிறகும் ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடுகிறது, ஆயில் கொட்டுகிறது என்றால் தாராளமாக டர்போ மாற்றுங்கள், ஆனால் ஆயில் வரும் பைப்பையும் புதிதாகப் போடாமல் மாற்ற விடாதீர்கள். பழைய பைப்பில் கரி அடைத்திருந்தால் புது டர்போவும் அதே வழியில்தான் போகும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவர்,
சிங்காநல்லூர், கோவை.